பரங்கியும் நம் பேரேடும்

நம் சந்தையில் லாரி லாரியாக இறங்கும் பரங்கிக்காய்க்கு அப்பெயர் வந்த கதையை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஐரோப்பாவின் பிராங்க் இனத்தாரைப் பாரசீகர் 'பரங்கி' என்றனர். பிறகு ஐரோப்பியர் எல்லாருக்குமே அது பொதுப்பெயராயிற்று. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தபின், போர்ச்சுக்கீசியரை நம்மவரும் அப்படியே அழைத்தனர். அமெரிக்கக் கண்டத்துக் காய் பரங்கிக்காய் ஆனது. சென்னையில் பரங்கிமலை, கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை, நாட்டு மருந்துக் கடையில் பரங்கிப்பட்டை, எல்லாம் இந்த வழிதான்.

ஆனால் அதே சொல்லில் இழிவும் ஏறியது. மேகநோய்ப் புண்ணைப் 'பரங்கிப்புண்' என்றார்கள். 1606-ல் மதுரை வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, "நான் பரங்கியன் அல்லன்" என்று மறுக்க வேண்டியதாயிற்று. சரக்கை ஏற்றுக்கொண்ட ஊர், ஆளைத் தள்ளியே வைத்தது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. சென்ற தீபாவளிக்கு என் மண்டியில் மூட்டை தூக்கும் பீகார் பையன்கள் இருவர் ஊருக்குப் புறப்பட்டனர். கூலிப் பாக்கியைப் பார்க்கப் பேரேட்டைப் பிரித்தால், 'இந்திக்காரன் 1', 'இந்திக்காரன் 2' என்றிருந்தது. எழுதியது நானே. யார் ஒன்று, யார் இரண்டு? ஒருவனுக்குரிய பணத்தை மற்றவனிடம் நீட்டிவிட்டேன். அவர்களே சிரித்துக்கொண்டு மாற்றிக்கொண்டார்கள். எனக்குத்தான் வெட்கம்.

என் தகப்பனார் விருதுநகர்ப் பக்கமிருந்து திண்டுக்கல் வந்து கடை வைத்தபோது, அவரையும் 'தெக்கத்தியான்' என்றே அழைத்தார்களாம். முதன்முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்தான் முதல் கடனும் கொடுத்தாராம்.

இப்போது என் பேரேட்டில் பெயர்கள் இருக்கின்றன. உங்கள் பேரேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.