தெருவில் நின்று செட்டிநாட்டு வீட்டை போட்டோ எடுப்பது தப்பா? சட்டம் என்ன சொல்லுது?

சிவகங்கையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது நாட்டரசன்கோட்டை. கண்ணாத்தாள் கோயில், கம்பர் சமாதி, தெருவுக்குத் தெரு பெரிய பெரிய நகரத்தார் வீடுகள். கையில் செல்போன் வைத்திருக்கும் யாருக்கும் இந்தத் தெருக்களில் நாலு படம் எடுக்கத் தோன்றும்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் தெருவில் நின்று ஒரு வீட்டின் முகப்பைப் படம் எடுக்கிறீர்கள். உள்ளேயிருந்து காவலாளி வருகிறார். "தம்பி, யாரைக் கேட்டு படம் எடுக்கிறீங்க? செட்டியார் ஊர்ல இல்ல. எடுத்ததை எல்லாம் அழிங்க" என்கிறார். நீங்கள் அழிக்கணுமா? அவர் அப்படிச் சொல்ல முடியுமா? அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் கேஸ் வருமா? காலண்டராக அச்சடித்து விற்றால்?

நிறைய பேருக்கு இருக்கும் இந்தக் குழப்பத்துக்கு சட்டத்தில் தெளிவான பதில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கட்டடத்துக்கு காப்புரிமை உண்டா?

உண்டு. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், கலைத்தன்மையோ வடிவமைப்போ உள்ள கட்டடத்தையும் ஒரு 'கலைப் படைப்பு' என்றே சொல்கிறது. ஓவியம், சிற்பம் போலத்தான் கட்டடமும். படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பதாலேயே ஒருவர் அந்தக் கட்டட வடிவமைப்பின் காப்புரிமைக்கும் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. பத்திரம் வேறு, காப்புரிமை வேறு. அதோடு, செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கட்டப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்கு காப்புரிமைக் காலமே முடிந்து போயிருக்கும்.

அப்படின்னா, புதுக் கட்டடங்களை எடுக்கக்கூடாதா?

எடுக்கலாம். இதற்காகவே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, எவையெல்லாம் காப்புரிமை மீறல் 'ஆகாது' என்று பட்டியல் போடுகிறது. அதன் 52(1) உட்பிரிவு 'எஸ்' சொல்வது இதுதான்: ஒரு கட்டடத்தை ஓவியமாக வரைவதோ, புகைப்படம் எடுப்பதோ, அதை வெளியிடுவதோ மீறல் இல்லை.

'வெளியிடுவது' என்ற சொல்லைக் கவனிக்கணும். படம் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வதற்கு மட்டும் கிடைத்த அனுமதி இல்லை இது. பத்திரிகையில் போடலாம், புத்தகத்தில் சேர்க்கலாம், வாழ்த்து அட்டையாக அச்சிடலாம். லாப நோக்கம் இருக்கக்கூடாது என்று அந்த உட்பிரிவில் நிபந்தனை எதுவும் இல்லை.

அடுத்த உட்பிரிவு, பொது இடத்திலோ பொதுமக்கள் போய்வரும் இடத்திலோ நிரந்தரமாக இருக்கும் சிற்பங்களைப் பற்றியது. அவற்றையும் படம் எடுக்கலாம், வெளியிடலாம். நாற்சந்தியில் நிற்கும் தலைவர் சிலை இதற்குள் வரும்.

சுவர் ஓவியத்துக்கும் இதே விதியா?

இல்லை. இங்கேதான் ஒரு சின்ன சிக்கல். சிற்பத்துக்கும், கலை நயமுள்ள கைவினைப் பொருள்களுக்கும் கொடுத்த விலக்கை, ஓவியத்துக்கு அந்த உட்பிரிவு கொடுக்கவில்லை. சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடத்தைப் படம் எடுப்பது ஒன்று. ஓவியத்தை மட்டும் தனியாகப் படம் பிடித்து, டீஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறொன்று. இரண்டாவதில் ஓவியர் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. சினிமாவில் பின்னணியாக வந்தால் மட்டும் பிரச்சினை இல்லை; அதற்குத் தனி விலக்கு உண்டு.

மற்ற நாடுகளில் எப்படி?

இந்த உரிமையை உலக அளவில் 'பனோரமா சுதந்திரம்' என்று சொல்கிறார்கள். பிரிட்டனின் 1988-ம் ஆண்டு சட்டம் கிட்டத்தட்ட நம்மைப் போலவே தாராளமானது. அமெரிக்காவில் பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடங்களைப் படம் எடுக்கத் தடை இல்லை.

பிரான்ஸ் கொஞ்சம் கறார். 2016-ல்தான் அங்கே தனிநபர்கள், வணிக நோக்கமில்லாமல் எடுக்கும் படங்களுக்கு விலக்கு கிடைத்தது. ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுக்கலாம். அதன் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இரவு விளக்கு அலங்காரம் தனிப் படைப்பு என்று கோபுர நிர்வாகம் சொல்கிறது. அதை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கணும். அந்த வகையில் நம்ம ஊர் போட்டோகிராபர் கொடுத்து வைத்தவர்.

தாஜ் ஹோட்டல் படத்துக்கு மட்டும் ஏன் தனி விதி?

2017-ல் மும்பை தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டல், தன் கட்டடத்தின் தோற்றத்துக்கு வணிக முத்திரைப் பதிவு வாங்கியது. இந்தியாவில் ஒரு கட்டடத்துக்கு அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை. அதற்காக கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வணிக முத்திரை என்பது வியாபாரத்தில் குழப்பம் வராமல் தடுப்பதற்கு. அந்தக் கட்டடத்தின் படத்தைப் போட்டு நீங்கள் ஒரு பொருளை விற்றால், 'இது அவங்க தயாரிப்போ' என்று வாங்குபவர் நினைக்கக்கூடும். அதைத்தான் சட்டம் தடுக்கிறது.

இதே பாடம் செட்டிநாட்டுக்கும் பொருந்தும். யாரோ ஒருவரின் வீட்டு முகப்பைப் படம் எடுத்து, 'எங்கள் விடுதி' என்று விளம்பரம் போட்டால் அது காப்புரிமைப் பிரச்சினை இல்லை, மோசடிப் பிரச்சினை.

திண்ணை யாருடையது?

தெருவிலிருந்து எடுக்கலாம் என்றாகிவிட்டது. தெரு எங்கே முடிகிறது?

செட்டிநாட்டு வீடுகள் தெரு மட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டியவை. படியேறினால் திண்ணை, அதைத் தாண்டினால் நிலைக்கதவு, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பின்தெரு வரை போகும் வீடுகள் உண்டு. திண்ணை வழிப்போக்கர் உட்காரும் இடம் என்பது நம் பழக்கம். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது வீட்டைச் சேர்ந்த தனியார் இடம். படியில் கால் வைத்ததுமே சொந்தக்காரரின் சம்மதம் தேவைப்படும் இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள்.

தெரியாமல் ஒரு படி ஏறியதாலேயே குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவின்படி, குற்றம் செய்யும், மிரட்டும், அவமதிக்கும் அல்லது தொந்தரவு தரும் நோக்கத்தோடு நுழைந்தால்தான் அது குற்றமுறு அத்துமீறல். அதே நோக்கத்தோடு, வெளியே போகச் சொல்லியும் போகாமல் நின்றாலும் இந்தப் பிரிவு வரும். வீட்டுக்குள் அத்துமீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனவே 'இறங்குங்க' என்றால் இறங்கிவிடுவதே சரி.

உள்ளே போனால் சொந்தக்காரர் வைத்ததுதான் விதி. கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் சில வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகிறார்கள். அங்கே கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம், படமே கூடாது என்றும் சொல்லலாம்.

ஜன்னலுக்குள் ஜூம் செய்தால்?

கட்டடத்துக்கு தனியுரிமை கிடையாது. உள்ளே இருப்பவருக்கு உண்டு.

1994-ல் உச்ச நீதிமன்றம் தந்த ராஜகோபால் வழக்கின் தீர்ப்பு, ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' வெளியிடுவது தொடர்பாக நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்தது. ஒரு குடிமகனை நிம்மதியாக இருக்க விட வேண்டும் என்பதே தனியுரிமையின் உட்பொருள் என்று அதில் நீதிமன்றம் விளக்கியது. 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது.

தெருவில் நின்றபடி நீண்ட லென்ஸ் போட்டு வீட்டுக்குள் இருப்பவரைப் படம் பிடித்தால், 'நான் தெருவுலதானே நின்னேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு பெண் தனிமையில் இருக்கும் நிலையை மறைந்திருந்து படம் எடுத்தால், நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறை.

2022 ஜூலையில் சென்னை உட்பட பத்து நகரங்களில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ தொடங்கியபோது, தெருக்களை அப்படியே காட்டினாலும் மனித முகங்களையும் வண்டி நம்பர் பிளேட்டுகளையும் மங்கலாக்கினார்கள். நாமும் பின்பற்ற வேண்டிய நல்ல பழக்கம் அது. கட்டடம் தெளிவாக இருக்கட்டும், ஆட்கள் அடையாளம் தெரியாமல் இருக்கட்டும்.

செவ்வாய் பொங்கல் படங்கள்?

தைப் பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் செவ்வாய்க்கிழமை, நாட்டரசன்கோட்டையில் நகரத்தார் குடும்பங்கள் ஒன்றுகூடி கண்ணாத்தாள் கோயில் முன் பொங்கல் வைப்பார்கள். முதல் பானை யாருடையது என்று சீட்டு எடுப்பார்கள். அன்றைக்கு கேமராக்களும் நிறைய வரும். பொது இடத்தில் நடக்கும் விழாவைப் படம் எடுப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு ஆச்சியின் முகத்தை நெருங்கி எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதானால் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குவதுதான் பாதுகாப்பு.

கோயில் கோபுரத்தைத் தெருவிலிருந்து எடுக்கலாம். உள்ளே கதை வேறு. 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய அறநிலையத்துறைக்கு உத்தரவிட்டது.

எங்கே கேமராவை எடுக்கவே கூடாது?

ராணுவ, பாதுகாப்பு வளாகங்கள். 1923-ம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இவற்றை 'தடை செய்யப்பட்ட இடம்' என்கிறது. காவல் நிலையம் அந்தப் பட்டியலில் வராது என்று 2022-ல் பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொல்லியிருக்கிறது.

டிரோன் பறக்கவிடுபவர்களுக்கு 2021-ம் ஆண்டு டிரோன் விதிகள் இருக்கின்றன. டிரோனுக்குப் பதிவு எண் வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. மற்ற மண்டலங்களில் தேவை. ஆனால் செட்டிநாட்டு வீட்டின் உயிரே நடுவில் இருக்கும் திறந்த வளவு. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத அந்த இடம் டிரோனுக்குத் தெரியும். அங்கே மீண்டும் தனியுரிமை வந்துவிடுகிறது.

சரி, காவலாளி அழிக்கச் சொன்னால்?

நீங்கள் பொதுத் தெருவில் நின்று வீட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்திருந்தால், அழித்தே ஆகணும் என்று கட்டாயப்படுத்த தனிநபர் யாருக்கும் அதிகாரம் இல்லை. செல்போனைப் பிடுங்குவதும் கூடாது. வழியை மறித்து நிறுத்தினால் அதுவே நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவின் கீழ் குற்றம். போலீஸ் வந்தால் விசாரிக்கலாம். நீங்கள் பொறுமையாகப் பதில் சொல்லலாம். குற்றம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் பொருளைக் கைப்பற்ற போலீசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இது சட்டம். ஆனால் அந்தக் காவலாளியின் பக்கம் நின்றும் கொஞ்சம் யோசிக்கணும். இந்த வீடுகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். கல்யாணம், பொங்கல் என்று ஏதாவது விசேஷம் வந்தால்தான் கதவு திறக்கும். பர்மா தேக்குத் தூணுக்கும் பழைய நிலைக்கதவுக்கும் நல்ல விலை உண்டு என்பது காரைக்குடி பழம்பொருள் கடைகளைப் பார்த்தாலே தெரியும். 'ஆளில்லாத அரண்மனை' என்று தலைப்பு வைத்து, தெருப்பெயரோடும் லொக்கேஷனோடும் நீங்கள் போடும் ஒரு ரீல்ஸ், திருடனுக்கு வழிகாட்டியாகலாம். காவலாளியின் பயம் அதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டெல்லி பிரகதி மைதானத்தில் இருந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கட்டடத்தை 2017-ல் இடித்தார்கள். அதை வடிவமைத்த ராஜ் ரேவால் நீதிமன்றம் போனார். கட்டடத்தை இடிப்பதை காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று அந்தக் கட்டடம் மிச்சம் இருப்பது புகைப்படங்களில்தான். செட்டிநாட்டின் வணிகர் ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. ஆனாலும், பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்க முடியாமலும் பராமரிக்க முடியாமலும் வீடுகள் இடிபடுவது நிற்கவில்லை. தெருவில் நின்று ஒருவர் எடுத்த படம், நாளைக்கு அந்தக் குடும்பத்திடமே இல்லாத ஆவணமாகலாம்.

சுருக்கமாக:

- பொதுத் தெருவிலிருந்து கட்டடத்தின் வெளித்தோற்றத்தை எடுக்கலாம், வெளியிடலாம்.
- படியேறினால் சம்மதம் வேண்டும். இறங்கச் சொன்னால் இறங்கணும்.
- ஜன்னல், வளவு, ஆட்களின் முகம் ஆகியவற்றில் கவனம் தேவை.
- பூட்டிய வீடு என்றால் லொக்கேஷன் போடாதீர்கள்.
- சுவர் ஓவியத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த ஓவியரிடம் கேளுங்கள்.
- தெருவை மறித்து சினிமா, விளம்பரப் படப்பிடிப்பு நடத்த உள்ளாட்சி, காவல்துறை அனுமதி தேவை.

அடுத்த முறை நாட்டரசன்கோட்டைத் தெருவில் நிற்கும்போது காவலாளி வந்தால், சட்டப் பிரிவை எடுத்து வீசுவதற்கு முன்னால் எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். எதற்காக எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பிரதி அனுப்பி வைப்பதாகவும் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மீதிக்குத்தான் சட்டம் இருக்கிறது.