சிக்குன்குனியாவுக்கும் சிக்கனுக்கும் சம்பந்தம் இல்லை! கிருமிகளுக்கு பெயர் வந்த கதை

மழை சீசன் வந்துவிட்டால் போதும். டீக்கடையில் இருந்து ஆஸ்பத்திரி வரை "வைரஸாம்", "பாக்டீரியாவாம்", "ஏதோ கிருமியாம்" என்பதுதான் பேச்சு. இந்த வார்த்தைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? அர்த்தம் தெரிந்து வைத்துக்கொண்டால் உடம்புக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது.

புழுதான் கிருமி

'கிருமி' என்பது வடமொழியில் இருந்து வந்த சொல். அதற்கு புழு என்று அர்த்தம். ராமானுஜருக்கு தொல்லை கொடுத்த சோழ மன்னனை வைணவ நூல்கள் 'கிருமிகண்ட சோழன்' என்கின்றன. கண்டம் என்றால் கழுத்து. கழுத்தில் புண் வந்து புழு வைத்ததால் இந்த பெயர் என்பது கதை. கண்ணுக்கு தெரியாத உயிர்களை விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பிறகு, அதே பழைய வார்த்தையை நாம் அதற்கும் வைத்துக்கொண்டோம்.

குச்சியும் விஷமும்

நெதர்லாந்து நாட்டு துணி வியாபாரி லீவன்ஹாக், தானே செய்த லென்ஸ் வழியாக 1676-ல் தண்ணீரில் பாக்டீரியாவை பார்த்தார். ஆனால் பெயர் வந்தது 19-ம் நூற்றாண்டில்தான். லென்சில் பார்த்தபோது சில கிருமிகள் குச்சி மாதிரி தெரிந்தன. கிரேக்க மொழியில் 'சின்ன குச்சி' என்ற பொருளில் பாக்டீரியா என்று பெயர் வைத்துவிட்டனர்.

வைரஸ் என்றால் லத்தீன் மொழியில் விஷம். 1898-ல் நெதர்லாந்து விஞ்ஞானி பெய்ஜரிங்க், நோய் தாக்கிய புகையிலை செடியின் சாறை பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடிகட்டினார். அப்படியும் அந்த சாறு மற்ற செடிகளுக்கு நோயை பரப்பியது. பாக்டீரியாவை விட பொடிசான அந்த ஆசாமிக்கு அவர் வைத்த பெயர்தான் வைரஸ். தமிழில் இதை நச்சுயிரி, தீநுண்மி என்கிறார்கள். உடம்பை சுற்றி கிரீடம் போல முட்கள் இருப்பதால் ஒரு வகை வைரசுக்கு கொரோனா என்று 1968-ல் பெயர் வந்தது. லத்தீனில் கொரோனா என்றால் கிரீடம்.

குனிய வைத்த காய்ச்சல்

2006-ல் தமிழ்நாட்டில் பல ஊர்களை முடக்கிப் போட்டது சிக்குன்குனியா. பெயரில் 'சிக்கன்' இருக்கிறதே என்று கோழிக்கறியை ஒதுக்கியவர்களும் உண்டு. பாவம், கோழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! 1952-ல் ஆப்பிரிக்காவின் தான்சானியா பகுதியில் இந்த நோய் பரவியபோது, அங்குள்ள மகோண்டே மக்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர் இது. மூட்டு வலியில் ஆளே வளைந்து போவதை அது குறிக்கிறது. நம்ம ஊர் 'குனி'யோடு ஒத்துப்போவது தற்செயல்தான். இதை பரப்புவது ஏடிஸ் கொசு.

ஒரே மாத்திரை கேட்காது

இரண்டையும் 'கிருமி' என்று ஒரே வார்த்தையில் சொல்வதால், இரண்டுக்கும் ஒரே மாத்திரை போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் வம்பு. ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவைத்தான் அடக்கும். வைரசை ஒன்றும் செய்யாது. சாதாரண சளி, டெங்கு, சிக்குன்குனியா எல்லாமே வைரஸ் வேலை.

இது தெரியாமல் மெடிக்கலில் "அண்ணே, நல்ல பவரா ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கி விழுங்கினால் காசுதான் தண்டம். அதோடு, கண்டபடி விழுங்க விழுங்க, உடம்பில் இருக்கும் பாக்டீரியா அந்த மருந்துக்கு பழகிவிடும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து கேட்காது.

எனவே காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், "இது வைரஸா, பாக்டீரியாவா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு தகுந்த மருந்தை அவரே எழுதித் தரட்டும்.