அத்தை பார்க்காத ஏற்காடு

சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காடு போனதில்லை என்றால் சிரிப்பீர்கள். ஆனால் என் மாமியார் போனதே இல்லை! கல்யாணமாகி வந்ததிலிருந்து ஐம்பது வருஷமாக, மொட்டை மாடியில் வடகம் காயப் போடும்போதெல்லாம் சேர்வராயன் மலையைப் பார்ப்பதோடு சரி. விருந்தாளிகளோடு நாங்கள் கிளம்புவோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள அத்தை தங்கிவிடுவார்.

"இந்தத் தடவை நீங்க வந்தால்தான் போவோம்" என்றேன்.

"இந்த வயசுல எனக்கெதுக்கு கண்ணு? முட்டி வலி வேற. வழியில வாந்தி எடுத்தா உங்களுக்குத்தான் தொல்லை."

"அம்மாவை ஏன் அலைக்கழிக்கணும்?" என்றார் இவரும். நான் விடவில்லை.

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள்! வாந்திக்குப் பயந்து வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். வயிறு முட்டவும் சாப்பிடக் கூடாது. அத்தைக்கு இரண்டே இட்லி கொடுத்து, காரில் முன் சீட்டில் உட்காரவைத்து, எதிரே பாதையையே பார்க்கச் சொன்னேன். வாயில் ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய். கடைசியில், பின்னால் புத்தகம் படித்துக்கொண்டு வந்த என் மகள்தான் வாந்தி எடுத்தாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டது அத்தை!

ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்பார்கள். சுமார் 5,000 அடி உயரத்தில், ஊர் நடுவிலேயே ஏரி. மிதி படகு முட்டிக்கு ஆகாது என்று துடுப்புப் படகில் ஏறினோம். மிதவைச் சட்டையைக் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். அத்தை தண்ணீரில் கையை விட்டு, "சில்லுனு இருக்குடி!" என்று பேத்தியிடம் சிரித்தார்.

புளியோதரை, தயிர்சாதம் எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோயிருந்தோம். தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. துணிப்பை எடுத்துப் போங்கள். குரங்குகளிடம் ஜாக்கிரதை! திரும்பும்போது மலையில் விளையும் காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கினோம்.

கடைசியாக லேடீஸ் சீட். பொழுது சாய, கீழே சேலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம வீடு எந்தப் பக்கம் கண்ணு?" என்றார். குத்துமதிப்பாக ஒரு திசையைக் காட்டினேன்.

"அங்கிருந்து எத்தனை நாள் இதைப் பார்த்திருப்பேன்!"

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் காவலுக்குத் தங்கிவிடுகிறார்களா? அடுத்த தடவை வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அவர்களையும் அழைத்துப் போங்களேன்!