தேங்காய்... மாங்காய்... எதிர்ப்பு சக்தி!

2020-க்கு முன்னால் ‘இம்யூனிட்டி’ என்ற வார்த்தையைக் கேட்டிருந்தால், ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்திருப்போம். கொரோனா வந்தது. கபசுரக் குடிநீர் தெருமுனைக்கு வந்தது. பின்னாலேயே பவுடர், லேகியம், சொட்டு மருந்து, மிட்டாய் என்று சகலமும் ‘இம்யூனிட்டி’ பட்டம் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தன. கொரோனா அடங்கிவிட்டது. டப்பாக்கள்தான் அடங்கவில்லை!

எதிர் ஃப்ளாட் மாமா பேரனுக்காக மாதாமாதம் அப்படியொரு டப்பா வாங்குகிறார். “விலை பார்த்தா முடியுமா சார், குழந்தை உடம்பாச்சே!” என்பார். அதே வீட்டு மாமி, வண்டிக்காரரிடம் பச்சைப் பட்டாணி விலையைக் கேட்டுவிட்டு, “வேண்டாம்ப்பா, ஜாஸ்தி” என்று கதவைச் சாத்துகிறார்.

நான் பி.காம். இந்த மாதிரி வரவு செலவைப் பார்த்தால் கை நமநமவென்று அரிக்கும். காய்கறிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து டப்பா கணக்கில் போட்டால் வீட்டு பாலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிடும். பேரனின் உடம்பு பாலன்ஸ் ஷீட் டேலி ஆகுமா? பட்டாணியை வைத்தே ஆடிட் பண்ணிப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். எதிர்ப்பு சக்தி என்பது வால்யூம் வைக்கிற மாதிரி திருகி ஏற்றுகிற சமாச்சாரம் இல்லை. அது ஒரு பட்டாளம். ரத்த வெள்ளையணுக்கள்தான் சிப்பாய்கள். நல்ல ரேஷன் கொடுத்தால் ஒழுங்காக வேலை செய்வார்கள். ரேஷனை வெட்டினால் சுருண்டு படுத்துவிடுவார்கள். சாப்பாட்டால் செய்ய முடிவது, அந்த ரேஷன் தட்டாமல் பார்த்துக்கொள்வதுதான்.

பட்டாணி மூட்டையில் என்னென்ன ரேஷன்?

100 கிராம் பச்சைப் பட்டாணியில் சுமார் 5 கிராம் புரதம். கிட்டத்தட்ட ஒரு முட்டையில் இருப்பது. கிருமியைப் பிடித்துக் கட்டிப்போடும் ‘ஆன்டிபாடி’ என்பதே ஒரு புரதம்தான். பட்டாணியில் லைசின் தாராளம், மெத்தியோனின் கொஞ்சம் மட்டு. அரிசியில் இது அப்படியே தலைகீழ். ஆக, பட்டாணி புலாவ் என்பது பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த சம்பந்தம்!

அப்புறம் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. இது நமக்கு ஜீரணமாகாது. பெருங்குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை அதைப் புளிக்க வைத்து உண்டாக்கும் சில அமிலங்கள் குடல் சுவரைப் பலப்படுத்துகின்றன. நம் எதிர்ப்புப் பட்டாளத்தின் பெரும் பகுதி முகாம் போட்டிருப்பதே குடலை ஒட்டித்தான். கூடவே, புதுச் செல்கள் உருவாகத் தேவையான ஃபோலேட்டும் உண்டு.

மூன்றாவது, துத்தநாகம். இதற்குப் பின்னால் நெஞ்சைப் பிசைகிற ஒரு கதை இருக்கிறது.

பீகாரில் பக்ஸரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், 1958-ல் ஈரானில் ஷிராஸ் நகரில் ஒரு நோயாளியைப் பார்த்தார். வயது 21. தோற்றமோ பத்து வயதுப் பையனுடையது. சாப்பாடு ரொட்டிதான்; போதாததற்குக் களிமண்ணும் தின்பார். அந்த வட்டாரத்தில் அப்படி இன்னும் பலர் இருந்தார்கள். 25 வயதைத் தாண்டாமலே ஏதாவது ஒரு தொற்று நோயில் போய்ச் சேர்ந்தார்கள். பிரசாத் பிறகு எகிப்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். காரணம் துத்தநாகக் குறைவு என்று 1963-ல் எடுத்துக் காட்டினார். மனிதனுக்கு அப்படியொரு குறை வரும் என்பதையே பலர் அப்போது நம்பவில்லை. இன்று? துத்தநாகம் போதாவிட்டால் தைமஸ் சுரப்பி சுருங்கும், ‘டி செல்’ சிப்பாய்கள் பலவீனமாவார்கள் என்பது மருத்துவப் பாடம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகமும் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-ல் சொன்னதற்கு வேர் இங்கேதான்.

ஆடிட்டர் என்றால் பற்றையும் சொல்ல வேண்டும். 1918-ல் குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கி, பின்னால் ஹைதராபாத்துக்குக் குடிபோன நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2020-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதன்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். 100 கிராம் பட்டாணியில் இருப்பது ஒன்றேகால் மில்லிகிராம்கூட இல்லை! ஆக, பட்டாணியை மட்டும் நம்பிக் கடை விரிக்க முடியாது. பருப்பு, கொட்டைகள், பால், முட்டை, மீன், கறி என்று நாலு பக்கமும் வரவு வரவேண்டும். பட்டாணி அதில் ஒரு பங்குதாரர். முதலாளி இல்லை.

நான்காவது வைட்டமின் ‘சி’. வெள்ளையணுக்கள் இதைப் பதுக்கல்காரர் மாதிரி உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். ரத்தத் திரவத்தில் இருப்பதைப்போல் பல மடங்கு! சேர்த்து வைத்தது தீர்ந்தால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், புண் ஆறாது. ஸ்கர்வி.

அந்தக் கால ஆங்கிலேயக் கப்பல்களில் மாலுமிகளுக்கு ரேஷனில் பட்டாணி உண்டு. ஆனாலும் ஸ்கர்வியில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த ஜோடி மளமளவென்று தேறியது. ‘பட்டாணி என்னாச்சு?’ என்கிறீர்களா? கப்பலில் போனது காய்ந்த பட்டாணி. பச்சையாக இருக்கும்போது 100 கிராமில் 40 மில்லிகிராம் இருக்கும் வைட்டமின் ‘சி’, காய்ந்ததும் அனேகமாகக் காணாமல் போய்விடும்!

இந்தக் கதைக்கு ஒரு க்ளைமாக்ஸும் உண்டு. 1919-ல் லண்டனில் ஹாரியட் சிக், மரியன் டெல்ஃப் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள், காய்ந்த பட்டாணியை ஊறவைத்து முளைகட்டி கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். செத்துக் கிடந்த பட்டாணி, முளைவிட்டதும் ஸ்கர்வியைத் தடுத்தது. விதை முளைக்கும்போது வைட்டமின் ‘சி’யைப் புதிதாகத் தயாரித்துக்கொள்கிறது! கப்பலில் பட்டாணியும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஒரு ஈரத்துணிதான் குறைச்சல்.

முளைகட்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காய்ந்த பயறிலும் முழு தானியத்திலும் ஃபைட்டேட் என்றொரு பேர்வழி உண்டு. துத்தநாகத்தையும் இரும்பையும் உடம்புக்குள் போகவிடாமல் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஈரான் ரொட்டியின் குற்றமும் அதுதான். ஊறி முளைத்தால் அந்தப் பிடி தளரும்.

எல்லாம் சரி, கிச்சனில் என்ன நடக்கிறது? பட்டாணியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடித்துக் கொட்டினால், 40 மில்லிகிராம் சுமார் 14 ஆகிவிடுகிறது. பளிச்சென்று பச்சையாக இருக்கட்டும் என்று ஆப்ப சோடாவும் போட்டால் அந்த மிச்சத்திலும் கை வைக்கிறோம். மார்க்கெட்டில் லாபம், சிங்க்கில் நஷ்டம்!

கவனிக்க வேண்டியவை:

* தோலோடு வாங்கி, சமைக்கிற நேரத்தில் உரியுங்கள். ஒரு கிலோவுக்கு 400 கிராம் தேறும் என்று கணக்கு வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

* கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடி, சீக்கிரம் வேகவிடுங்கள். மிஞ்சிய தண்ணீர் குருமாவுக்கு.

* சீசன் இல்லாதபோது ஃப்ரீஸர் பட்டாணி மட்டமில்லை. நாலு நாள் வாடிய பட்டாணிக்கு அது எவ்வளவோ தேவலை.

* உரித்த பட்டாணியோ காய்ந்த பட்டாணியோ ரொம்ப ஜோராகப் பச்சையாக இருந்தால், ஒரு கிளாஸ் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். பச்சை சாயம் இறங்கினால் கடையை மாற்றுங்கள். மாலகைட் பச்சை என்ற துணிச்சாயத்தைச் சிலர் கலக்கிறார்கள். உணவில் அதற்குத் தடை.

* கிட்னி கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும். கைக்குழந்தைக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். மசித்துக் கொடுங்கள்.

‘பட்டாணி சாப்பிட்டால் ஜுரமே வராது, தடுப்பூசி வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், அவரிடம் விற்பதற்கு ஏதோ டப்பா இருக்கிறது என்று அர்த்தம். ஊசியை ஊசி நாளில் போட்டுவிடுங்கள். ஊசி போட்ட பிறகு ஆன்டிபாடி தயாரிக்கச் சரக்கு வேண்டுமே, அதற்குத்தான் பட்டாணி.

கடைசியாக நம்ம மெரினாவுக்கு ஒரு சலாம். சுண்டல் காய்ந்த பட்டாணிதான். அதில் வைட்டமின் ‘சி’ கிடையாது. ஆனால், மேலே துருவிப் போடுகிற பச்சை மாங்காயில் இருக்கிறது! பட்டாணியில் இருக்கும் இரும்பை உடம்பு உறிஞ்சிக்கொள்ளவும் அந்த மாங்காய் கைகொடுக்கிறது. சிக்கும் டெல்ஃபும் லாபரட்டரியில் தேடிப் பிடித்த ‘சி’யை, நம்ம சுண்டல் பையன் கணக்குத் தெரியாமலேயே கைப்பிடி அளவில் தூவிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த தடவை பீச்சுக்குப் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: “தம்பி, மாங்காய் இன்னும் கொஞ்சம் போடுப்பா!”