கடைசி நாள் வரை கண்ணில் படாத காய்

கேரட் கண்ணுக்கு நல்லது. குழந்தைக்குச் சோறூட்டும் வீடுகளில் எல்லாம் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். அதைப் பயிரிடுகிறவர்களின் பாடு வேறு. தக்காளி பழுப்பதைப் பார்க்கலாம், கத்தரிப் பிஞ்சை எண்ணலாம். கேரட்டை மூன்றரை, நான்கு மாதம் வளர்த்தாலும், பிடுங்குகிற நாள் வரை மேலே ஆடும் தழையைத்தான் பார்க்க முடியும். கீழே நேராக இறங்கியிருக்கிறதா, கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, நூற்புழு முடிச்சுப் போட்டிருக்கிறதா? மண்ணுக்கே வெளிச்சம்.

தமிழ்நாட்டில் இந்தச் சூதாட்டத்தின் தலைமையிடம் நீலகிரி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் இருக்கும் கேத்திப் பள்ளத்தாக்கு, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு என்று படிப்படியாக வெட்டிய சரிவுகளில் உருளைக்கிழங்கும் முட்டைகோஸும் கேரட்டும் மாறி மாறி வருகின்றன. 1819இல் மலையேறி வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன், ஊட்டியில் வீடு கட்டியதோடு நிற்காமல் தன் ஊர்க் காய்களையும் இங்கே போட்டுப் பார்த்தார். படுகர்களும் மலையில் குடியேறிய மற்றவர்களும் அவற்றைத் தங்கள் பயிராக்கிக்கொண்டார்கள். இருநூறு வருடம் ஆகியும் மண்டிப் பேச்சில் இவை ‘இங்கிலீஷ் காய்கறி’தான்!

கேரட் காட்டின் வேலை நேரமும் விசித்திரமானது. காலைச் சந்தையைப் பிடிக்க வேண்டும் என்பதால் பல இடங்களில் நள்ளிரவு தாண்டியதுமே அறுவடை தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கம்பளிக்குள் நடுங்கியபடி ஆட்கள் பிடுங்குவார்கள். பக்கத்துப் புதரில் காட்டெருமையோ கரடியோ நிற்கக்கூடும். பிடுங்கியதை மூட்டை கட்டிக் கழுவும் இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் பாய, பெரிய உருளைக்குள் கேரட்டுகள் ஒன்றோடொன்று உரசிப் புரண்டு, நாம் கடையில் பார்க்கிற பளபளப்போடு வெளியே வருகின்றன. அங்கிருந்து லாரியில் மேட்டுப்பாளையம் மண்டி. அன்றைய விலை என்ன என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத சங்கதிதான்.

மண் விஷயத்தில் கேரட் பிடிவாதக்காரப் பயிர். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதெல்லாம் சரிவராது. ஆணிவேரே காய் என்பதால், வேர் ஒருமுறை மடங்கினால் காய் கோணல்தான். அதனால் நேரடி விதைப்பு. ஒரு கிராமில் எண்ணூறு விதை வரை இருக்கும் அளவுக்குப் பொடி என்பதால் மணலோடு கலந்து வரிசையாகத் தூவுகிறார்கள். முளைக்க பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகும். அதுவரை மேல்மண் காயவும் கூடாது, இறுகவும் கூடாது. அவசரக்காரர்களுக்கு இந்தப் பயிர் ஒத்துவராது. முளைத்த பின் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நன்றாக இருக்கும் நாற்றுகளையும் பிடுங்கி எறிந்து, செடிக்குச் செடி நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். பாவம் பார்த்து விட்டுவைத்தால் பென்சில் பென்சிலாகத்தான் கிடைக்கும்.

கவட்டை விழுவதற்குக் கல்லும் கட்டியும் ஒரு காரணம், மட்காத சாணி இன்னொன்று. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் தழை காடாக வளரும், கீழே ஒன்றும் இருக்காது. வறண்டு கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் பாய்ந்தால் காய் வெடிக்கும். தலைப்பகுதி வெயில் பட்டால் பச்சையாகிக் கசக்கும். அதைத் தடுக்கத்தான் மண் அணைக்கிறார்கள். நல்ல நிறம் ஏற 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சி தேவை. சென்னை மொட்டை மாடியில் முயல்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில், ஓரடி ஆழத்துக்குக் குறையாத பையில், வெப்பம் தாங்கும் ரகத்தை விதைக்கலாம். விரல் நீளத்துக்கு வந்தாலே பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

இதன் பூவைப் பார்த்தவர்களும் குறைவு. கேரட்டுக்கு ஆயுள் இரண்டு வருடம். முதல் வருடம் வேரில் சேர்த்துவைத்து, குளிர்காலத்தைக் கடந்து, மறுவருடம்தான் கொத்தமல்லி போலக் குடை விரித்துப் பூக்கும். இரண்டும் ஒரே குடும்பம். நாமோ சேமிப்பை முதல் வருடமே பிடுங்கிச் சாம்பாரில் போட்டுவிடுகிறோம்.

அந்தச் சேமிப்பில் என்ன இருக்கிறது? நூறு கிராமில் எண்பத்தெட்டு கிராம் தண்ணீர்தான். கலோரி நாற்பதை ஒட்டி, நார்ச்சத்து மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. பெயர் வாங்கித் தந்தது பீட்டா கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மங்கலான ஒளியில் பார்ப்பதற்கு விழித்திரைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் கரோட்டின் கேரட்டின் செல் சுவர்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது, கொழுப்பில்தான் கரையும். பச்சையாக மென்றால் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்த்தால் உடலில் சேரும் அளவு கூடும். ஆகவே, நம் வீட்டுக் கேரட் பொரியல், ஜிம்முக்குப் போகிறவர்களின் வெறும் கேரட் ஜூஸைவிடப் புத்திசாலித்தனமான பண்டம் என்பது என் கட்சி.

கேரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பது மட்டும் கதை. இதை ஊதிப் பெருக்கியது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டன். இரவில் ஜெர்மன் விமானங்களை வீழ்த்திய ‘பூனைக்கண்’ ஜான் கன்னிங்ஹாம் போன்ற விமானிகளின் வெற்றிக்குக் கேரட்டே காரணம் என்று பரப்பினார்கள். உண்மைக் காரணம் விமானத்துக்குள் இருந்த ரேடார். உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கேரட் மட்டும் தாராளமாகக் கிடைத்ததால், அதைத் தின்னவைக்கவும் இந்தக் கதை வசதியாக இருந்தது. கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கும் கேரட்டுக்கும் சம்பந்தமில்லை.

வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் கண் பறிபோவதோ கதையல்ல. மாலைக்கண்ணில் தொடங்கி, கருவிழி உலர்ந்து கரைவது வரை போகும். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமியும் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி ஆன்டனெட் பிரியும் இந்தக் குழந்தைகளுக்காகச் சேர்ந்து உழைத்தார்கள். அவர்கள் தாய்மார்களிடம் வலியுறுத்தியது கீரை. காரணம் எளிது. முருங்கைக்கீரையில் இருக்கும் கரோட்டின் கேரட்டுக்குக் குறைந்ததல்ல, கொல்லையில் சும்மா கிடைக்கும். மலையிலிருந்து லாரியில் வரும் காயை எல்லாரும் வாங்க முடியுமா?

கரோட்டினை மாத்திரையாக விழுங்குவது அடுத்த ஆசை. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களைக் கொண்டு அது சோதிக்கப்பட்டது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 1994இல் வெளியான அந்த முடிவு, காயில் இருக்கும் நல்லதை உருவி எடுத்து டப்பாவில் அடைக்கலாம் என்று நம்பியவர்களை உலுக்கிவிட்டது.

காயாகவே தின்றால் அந்த வம்பு இல்லை. தேவைக்கு மேல் உடல் அதை வைட்டமினாக மாற்றாது. மிஞ்சிய கரோட்டின் தோலில் போய்ப் படியும். தினம் கேரட் மசியல் தின்னும் குழந்தையின் உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாகி, வீட்டுப் பெரியவர்கள் காமாலை என்று பதறி, கீழாநெல்லியைத் தேடி ஓடுவது இதனால்தான். அப்போது முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் கண்ணை. காமாலையில் வெள்ளை விழி மஞ்சளாகும், கேரட்டால் வரும் மஞ்சள் அங்கே ஏறாது. விழி வெண்மையாகவே இருந்தால் கேரட்டைக் கொஞ்சம் குறைத்தால் போதும், சில வாரங்களில் உள்ளங்கை பழைய நிறத்துக்கு வந்துவிடும். விழியும் மஞ்சளாக இருந்தால் கீழாநெல்லிக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.