பாராளுமன்றத் தூதுக்குழுக்களும் எமது காணிகளும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் சென்று மண்டைதீவுச் சந்தியைக் கடந்தால் அல்லைப்பிட்டி வரும். பனையும் தோட்டமும் கடலுமாக வாழ்ந்த ஊர். இந்த ஊர் மக்கள் எத்தனை தடவை மூட்டை கட்டினார்கள் என்று அவர்களைக் கேட்டால் விரல்விட்டு எண்ணித்தான் சொல்வார்கள். 1990 ஓகஸ்டில் தீவுப்பகுதியில் இராணுவம் இறங்கியபோது ஓடினார்கள். பின்னர் திரும்பியவர்களுக்கு 2006 வந்தது. அவ்வாண்டு மே 13 இல் அல்லைப்பிட்டி உட்படத் தீவுப்பகுதியில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 13 இல் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து குறைந்தது 15 பேர் இறந்தனர். எஞ்சியோரை வெளியே கொண்டுவர உழைத்த பங்குத்தந்தை நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் ஒரு வாரத்தின் பின், ஓகஸ்ட் 20 இல், தம்முடன் சென்ற ஒருவரோடு காணாமற்போனார்.

அக்காலத்தில் இலங்கைத் தீவில் நடந்தவை பற்றிப் பிற நாட்டுப் பாராளுமன்றங்களிலும் பேசப்பட்டது. 2007 மே 2 இல் பிரித்தானியப் பொதுச்சபை இலங்கை பற்றி விவாதித்தது. 2009 பெப்ரவரி 5 இலும் மார்ச் 12 இலும் ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானங்கள் நிறைவேற்றியது. வன்னியிலே சனம் பதுங்குகுழிக்குள் இருந்த நாட்கள் அவை.

இவற்றைப் பற்றி இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் சிலவற்றோடு பேசிக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் எம்மை இடைமறித்தார்: "தம்பி, உவையள் வந்து பாத்துப்போட்டுப் போகினம். அதாலை என்ரை கிணறும் துலாவும் திரும்பி வருமோ?"

நியாயமான கேள்வி. வராது என்றுதான் நேராகச் சொல்ல வேண்டும். ஆனால் அதோடு பேச்சை முடித்துவிடவும் முடியாது.

அரசாங்கங்கள் தூதுவர்கள் மூலம் பேசுகின்றன. பாராளுமன்ற உறுப்பினர்கள் தமக்குள் தனியே பேசிக்கொள்ளும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. அதற்கென்றே பாராளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் 1889 இல் தொடங்கப்பட்டது. தூதுவர் தமது அரசாங்கம் சொன்னதையே சொல்ல வேண்டும். பாராளுமன்ற உறுப்பினருக்கு அந்தக் கட்டு இல்லை. எதிர்க்கட்சிக்காரரும் வருவார், வந்து கண்டதைத் தமது சபையில் எழும்பிக் கேட்பார். அவருடைய கேள்வி அச்சபையின் அறிக்கையில் அச்சாகிவிடும். அவரது பலம் அவ்வளவுதான், அதைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

அயல்நாட்டுச் சபைகள் எங்களுடைய துன்பத்தைப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அது தங்கள் கரையைத் தொடும்போதுதான். 1983 ஜூலைக்குப் பின் எமது சனம் வள்ளங்களில் இராமேஸ்வரம் போய் இறங்கியது. அதுவரை இலங்கையின் உள்வீட்டு விவகாரமாக இருந்தது, அன்றுமுதல் டெல்லிக்கும் சென்னைக்கும் பாதுகாப்புப் பிரச்சினையாயிற்று. அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அதன்படி சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தமது ஆசனங்களை இழந்தனர். நாம் வாக்களித்து அனுப்பியவர்களுக்குக் கொழும்பில் கதிரை இல்லை, எமது கதையைப் பேசியது அயல்நாட்டுச் சபை. இந்த நிலைமையின் விசித்திரம் அந்நாட்களில் எமக்குப் பெரிதாகப் புலப்படவில்லை.

தூதுக்குழுக்கள் வந்து என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். 2009 ஒக்டோபரில் ரி.ஆர். பாலு தலைமையில் தமிழ்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வந்து செட்டிகுளம் முகாம்களைப் பார்வையிட்டனர். போரில் தப்பிய இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த முட்கம்பிகளுக்குள் அடைக்கப்பட்டிருந்த ஆண்டு அது. டிசம்பர் 1 இலிருந்து முகாமை விட்டு வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. அந்த வருகையால்தான் கதவு திறந்தது என்று நாம் எழுத மாட்டோம். பல பக்கத்திலிருந்தும் நெருக்குதல் இருந்தது, அதில் இதுவும் ஒன்று.

2012 ஏப்ரலில் சுஷ்மா சுவராஜ் தலைமையில் இந்தியப் பாராளுமன்றக் குழு வந்தபோது செட்டிகுளத்தில் இன்னும் சில ஆயிரம் பேர் இருந்தனர். தமிழ்நாட்டின் இரு பெரிய கட்சிகளும் அக்குழுவில் சேரவில்லை. எமக்கு அது பிழையாகவே பட்டது. போகாமல் விடுவதால் முகாமில் இருப்பவருக்கு என்ன வந்தது? மெனிக் பாம் முகாம் அவ்வாண்டு செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அதிலிருந்து சென்ற எல்லோரும் தமது சொந்தக் காணிக்குப் போய்ச் சேரவில்லை.

தீர்மானத்தின் பின்னால் பணம் நிற்கும்போது அதன் சத்தம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தாததைக் காட்டி 2010 ஓகஸ்டில் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதத்தில்தான் அது திரும்பக் கிடைத்தது. கொழும்பு காதுகொடுத்துக் கேட்ட விடயங்களில் இதுவும் ஒன்று. ஆயினும் தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்வது எங்கள் வறிய வீட்டுப் பிள்ளைகளும்தான் என்பதை மறக்கலாகாது.

இன்னொரு விடயத்தையும் குடும்பங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனார், தம்பி யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எல்லை கடந்த அண்ணன் அகதி. தம்பி உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அகதிகளுக்கு 1951 ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை உண்டு. ஆனால் இந்தியாவும் இலங்கையும் அதில் ஒப்பமிடவில்லை. ஆகவே அண்ணனுடைய வாழ்வு தமிழ்நாட்டு அரசின் மனதைப் பொறுத்தது. 2021 ஓகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் முகாம்களுக்கென 317 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. பெயர் மாறினாலும் குடியுரிமை வரவில்லை. 2019 இன் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை. தம்பிக்கு இருப்பது ஐக்கிய நாடுகளின் 1998 ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகள். விட்டுவந்த சொத்தை மீட்க அதிகாரிகள் உதவ வேண்டும், முடியாவிட்டால் நட்டஈடு கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று 29 ஆவது கோட்பாடு சொல்கிறது. அதற்குச் சட்டத்தின் வலு இல்லை. ஆனாலும் வெளிநாட்டு உறுப்பினரிடம் பேசும்போது அந்த இலக்கத்தைச் சொல்லலாம்.

காணி விடயத்தில் எமது சொந்தப் பாராளுமன்றம் செய்த ஒன்றைப் பலர் அறியவேயில்லை. ஒருவருடைய காணியை இன்னொருவர் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். நாம் ஓடிய காலத்தில் எம் காணியில் இருந்தவருக்கு அது வாய்ப்பாயிற்று. 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு பரிகாரம் தந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தமது உரிமையை நாட முடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக் கூடாது என்றது. ஆனால் சட்டம் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. வேலணையிலிருந்து வந்து நல்லூரில் வாடகை வீட்டில் இருக்கும் தோட்டக்காரருக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள்? சட்டத்தை ஆக்கியவர்கள் அதைச் சனத்திடம் கொண்டுபோகவில்லை. நாமும் போதியளவு சொல்லவில்லை. உங்கள் காணியில் பிறர் இருந்தால் இனி என்ன வழி என்று ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

ஆகவே அடுத்த தூதுக்குழு வரும்போது அழுதுகாட்ட மட்டும் போகாதீர்கள். வந்தவர் குறிப்புப் புத்தகத்தோடு வருகிறார். "எங்கள் காணி போய்விட்டது" என்றால் அவருக்கு எழுத ஒன்றுமில்லை. ஊர், உறுதி இலக்கம், எத்தனை பரப்பு, எந்த ஆண்டு வெளியேறினீர்கள், இப்போது யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் கொடுத்தால் அவர் ஊருக்குப் போய்க் கேள்வி கேட்கலாம். சோலைவரி ரசீது, பழைய குடும்ப அட்டை, கிராம சேவையாளரின் கடிதம் எல்லாம் உதவும். பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். உறுதி எரிந்துபோனாலும் பயப்பட வேண்டாம். உறுதியின் இலக்கமும் எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

கிணற்றைப் பற்றிக் கேட்ட அந்த முதியவரிடம் உறுதி இல்லை. ஓடும்போது பெட்டியோடு விட்டுவிட்டார். இலக்கமும் நினைவில்லை. நொத்தாரிசின் பெயரும் தகப்பன் காணி வாங்கிய ஆண்டும் மட்டும் சொல்கிறார். அதைக் கொண்டு தேடிப் பார்க்கலாம் என்று, வருகிற திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போகிறோம்.