செய்ததைச் செய்யாததாக்கல்: லினக்ஸ் கணினியைப் பற்றிய சில குறிப்புகள்

கணினியில் ஒரு சொல்லைத் தவறாக அடித்துவிட்டால், கண்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்தழுத்தி அப்பிழையை நீக்கிக்கொள்ளலாம் என்பதை நம் மாணாக்கர் யாவரும் அறிவர். இவ்வழக்கம் விரல்களிற் படிந்துவிட்டமையால், கணினியிற் செய்யும் எச்செயலையும் அவ்வாறே மீட்டுவிடலாம் என்னும் நம்பிக்கையும் தானே வந்து மனத்திற் குடிகொள்ளுகின்றது. கட்டுரை எழுதும் மென்பொருளுள் அந்நம்பிக்கை பொய்க்காது. லினக்ஸ் இயங்குங் கணினியின் அமைப்பையே மாற்றும்போது நிலைமை வேறு. டெர்மினல் என்னுஞ் சாளரத்திற் கட்டளையொன்றை அடித்து எண்டர் விசையைத் தட்டியபின் அவ்விரு விசைகளையும் அழுத்தினால், நடந்துகொண்டிருக்கும் வேலை இடையிலே நிற்குமேயன்றி, நடந்து முடிந்தது மீளாது.

கணினியியல் பயில்வோரேயன்றி, தாவரவியலும் பொருளாதாரமும் தமிழும் பயில்வோரும் இப்போது லினக்ஸை விரும்பி ஏற்கின்றனர். விலையின்றிக் கிடைத்தலும், பழைய மடிக்கணினியிலும் இடரின்றி ஓடுதலும் அதற்குக் காரணங்களாம். அங்ஙனம் ஏற்ற மாணவி ஒருவருக்கு நேர்ந்த இழப்பே யான் இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணம். அவ்விழப்பிற் பாதிப் பழி என்னைச் சார்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் அறியவேண்டுவது ஒன்று. எழுத்து மென்பொருள் நம் பிழையை மீட்டுத் தருவது அதற்குத் தனித்ததொரு வல்லமை இருப்பதனால் அன்று. நாம் அடித்த ஒவ்வோரெழுத்தையும் அது தன்னிடத்தே குறித்து வைத்திருப்பதனாலேயாம். பழைய நிலை எங்கேனும் பதிவாகியிருந்தாலன்றி எப்பொறியும் அதனை மீட்கவியலாது. ஆதலின் லினக்ஸிற் பிழை நேர்ந்தவுடன், “இதனை மாற்றுங் கட்டளை யாது?” என்று வினவுதல் முறையன்று. “மாற்றத்திற்கு முன்னிருந்த நிலை எங்கே எழுதப்பட்டிருக்கின்றது?” என்பதே வினாவாகும். அதன் விடை செயலுக்குச் செயல் வேறுபடும்.

கோப்பை அழிக்கும் ஆர்எம் என்னுங் கட்டளையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்திற் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதன் முறையைப் பின்பற்றி, 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியதே லினக்ஸ். பயன்படுத்துவோர் தாம் செய்வதை அறிந்தே செய்கின்றார் என்று கொள்வதும், வேலை செவ்வனே முடிந்தால் ஒன்றுங் கூறாதிருப்பதும் அம்மரபின் இயல்பு. முகப்புத் திரையிற் சுட்டியைக்கொண்டு ஒரு கோப்பை அழித்தால் அது குப்பைத்தொட்டிக்குச் செல்லும்; அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம். ஆர்எம் கட்டளையோ குப்பைத்தொட்டியை அறியாது.

அக்கட்டளை செய்வது யாதெனின், நூல்நிலையத்தில் ஒரு நூலுக்குரிய அட்டவணைச் சீட்டைக் கிழித்தெறிதலை நிகர்த்த செயலாம். நூல் அலமாரியிலேயே இருக்கும். ஆயின் அஃது இன்ன இடத்துள்ளதென்று காட்டுவாரில்லை. அவ்விடம் வெற்றிடமெனக் கணக்கில் ஏறிவிட்டமையால், புதிதாக வரும் நூலொன்றை அங்கே வைத்துப் பழையதைத் தள்ளிவிடுதல் எந்நேரமும் நிகழலாம். ஒரே கோப்பிற்கு இரண்டு மூன்று பெயர்ச்சீட்டுகள் இருத்தலும் உண்டு. கடைசிச் சீட்டுங் கிழிந்த பின்னரே இடம் வெற்றிடமாகும். அப்போதும், நிரல் ஏதேனும் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்குமாயின், அதனை மூடும்வரை உள்ளடக்கம் அழியாது. ப்ராக் என்னும் அடைவின் வழியே அதனைப் பிரதியெடுக்கலாம். ஆதலாற் கோப்பை அழித்துவிட்டோமென்று பதறி எல்லாச் சாளரங்களையும் மூடுவோர் தம் கைக்கெட்டிய மருந்தைத் தாமே கொட்டிவிடுகின்றனர். கட்டுரை திரையில் இன்னும் திறந்திருந்தால் அதனை மீண்டுஞ் சேமித்தலே போதும்.

மூடிவிட்டால்? அப்போது வட்டில் வேறொன்றும் எழுதப்படாதவாறு கணினியை நிறுத்தி, யுஎஸ்பி கோலிலிருந்து இயக்கி, போட்டோரெக் போன்ற மென்பொருளால் அலமாரிகளைத் துழாவலாம். கிடைத்தாலும் கோப்புகளின் பழைய பெயர்கள் கிடையா. இக்காலத்துப் பெரும்பான்மையான லினக்ஸ் கணினிகளில் வழங்கும் எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறை, சீட்டைக் கிழிப்பதோடு, நூலின் பகுதிகள் எவ்வெவ்விடத்துக் கிடந்தன என்னுங் குறிப்பையுந் துடைத்துவிடுகின்றது. எஸ்எஸ்டி வட்டாயின் வாரமொருமுறை வெற்றிடங்களை வட்டுக்கு அறிவித்துத் துப்புரவு செய்யும் வழக்கம் உபுண்டு, ஃபெடோரா முதலியவற்றில் உண்டு. அது நடந்தபின் துழாவுதல் பெரும்பாலும் வீண்.

நிற்க. மென்பொருட் பொதிகளைச் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் நேரும் பிழைகள் இத்துணைக் கொடியன அல்ல. ஏனெனின் அவற்றிற்கு நாட்குறிப்பு உண்டு. உபுண்டுவிற் பைத்தானின் புதிய பதிப்பை வேண்டிய மாணாக்கர், பழையது எதற்கென்று அதனை நீக்கக் கட்டளையிடுவர். முகப்புத் திரையின் பல உறுப்புகள் அப்பழைய பைத்தானையே சார்ந்து நிற்பன என்பதை அவர் அறியார். பொதிகளைக் கையாளும் ஆப்ட் என்னும் நிரல், இன்னின்னவை உடன் நீங்குமென்று நீண்டதொரு பட்டியலைக் காட்டி, சம்மதமோ என்று கேட்கும். பட்டியலைப் படியாது சம்மதம் அளித்துவிட்டாற் சிறிது நேரத்தில் முகப்புத் திரையே மறையும்.

இது பயிலாதார்க்கு மட்டும் நேர்வதன்று. 2021-இல், கணினிப் பொருள்களைப் பற்றிய காட்சிகளால் உலகெங்கும் அறியப்பட்ட லினஸ் செபாஸ்டியன் என்பவர், பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளைச் சேர்க்க முயன்றார். பொதியில் அவ்வேளை இருந்த குறையொன்றனால், அதனைச் சேர்க்க வேண்டின் முகப்புத் திரையை நீக்கவேண்டும் என்று ஆப்ட் கணக்கிட்டது. கேடு விளையும் என்று எச்சரித்து, “ஆம், நான் சொல்வதைச் செய்” என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடரை முழுதும் அடிக்கச் சொல்லிற்று. அவரும் அடித்தார், திரை போயிற்று. எச்சரிக்கையை ஏன் படிக்கவில்லை என்று பலர் நகைத்தனர். விளையாட்டொன்றைச் சேர்க்கப் புகுந்தவருக்கு முகப்புத் திரையை நீக்குவதற்குரிய வழியைத் திறந்து வைத்தது யாருடைய குற்றம் என்று கேட்டவர்களின் பக்கமே யான் நிற்பேன். ஆப்டை இயற்றுவோரும் பின்னர் அவ்வழியைக் குறுக்கினர்.

இத்தகைய நிலையில், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் எழுத்து மட்டுந் தோன்றும் திரையொன்று வரும். அதில் உட்புகுந்து, வார் என்னும் அடைவினுள் லாக், அதனுள் ஆப்ட், அதனுள் ஹிஸ்டரி என்னும் பெயர்கொண்ட கோப்பைத் திறந்து பார்க்க. இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன கட்டளையால் இன்னின்ன பொதிகள் சேர்ந்தன, நீங்கின என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நீங்கியவற்றின் பெயர்களை அதிற் கண்டு மீண்டுஞ் சேர்த்தாற் பெரும்பாலுந் திரை திரும்பிவிடும். ஃபெடோராவில் இவ்வுழைப்பும் வேண்டா. அதன் டிஎன்எஃப் என்னும் நிரல் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஓர் எண் இட்டு வைத்து, அவ்வெண்ணைச் சொன்னால் அம்மாற்றத்தைத் தானே திருப்பிச் செய்யும்.

இனி, எட்சி என்னும் அடைவிலுள்ள அமைப்புக் கோப்புகளை நாமே திருத்துங்கால் நேரும் பிழைகள். இவற்றிற்கு இயல்பாக நாட்குறிப்பு இல்லை. திருத்துமுன் நாமே பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். எட்ஸ்கீப்பர் என்னுங் கருவியை முன்னரே நிறுவியிருப்பின், அவ்வடைவின் மாற்றங்களை அது கிட் என்னும் பதிப்புக் களஞ்சியத்திற் பதிந்து வரும். வட்டுகளின் பட்டியலாகிய எஃப்எஸ்டாப் என்னுங் கோப்பில் ஒரு வரி பிழைத்தாற் கணினி முழுதுந் தொடங்காது அவசர நிலையில் நின்றுவிடுவது உண்டு. கணினி கெட்டதெனக் கருதி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினோரை யான் கண்டிருக்கின்றேன். ரூட் என்னும் முதன்மைப் பயனரின் கடவுச்சொல்லைக் கொடுத்து உட்புகுந்து, அவ்வரியின் தலையில் ஓர் எண்குறியை இட்டாற் போதும். கணினி அவ்வரியைப் படியாது கடந்துவிடும். புதிய கெர்னல் வந்தபின் கணினி தொடங்கவில்லையெனின், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தெரிந்தெடுத்தல் அதனினும் எளிது. அது பெரும்பாலும் நீக்கப்படாமலே வைக்கப்பட்டிருக்கும்.

ஸ்நாப்ஷாட் என்று வழங்கும் அந்நேரப் பதிவுகளைப் பற்றியே இனி விரிவாகக் கூறவேண்டும். லினக்ஸ் மின்ட் குழுவினர் இப்போது பேணிவரும் டைம்ஷிஃப்ட் என்னும் மென்பொருள், கணினியின் அமைப்பு முழுவதையும் குறித்த காலங்களிற் பிரதியெடுத்து வைக்கின்றது. முற்பதிவிலிருந்து மாறாத கோப்புகளை மீண்டும் எழுதாது, பழைய பிரதிக்கே இன்னொரு பெயர்ச்சீட்டை இட்டுவிடுகின்றது. ஒரு கோப்பிற்குப் பல சீட்டுகள் இருத்தலுண்டு என்று மேலே கூறியது இங்கே பயன்படுகின்றது. ஓபன்சூசேயில், வட்டு பிட்ஆர்எஃப்எஸ் முறையில் அமைந்திருப்பின், ஸ்னாப்பர் என்னுங் கருவி பொதி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் பதிவெடுக்கும். கெட்டுப்போனாற் பழைய பதிவிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். நிக்ஸ்ஓஎஸ் என்பது இன்னும் ஒருபடி சென்று, பழைய அமைப்பை மாற்றாமலே வைத்துப் புதிய அமைப்பை அதனருகே கட்டும் முறையினது.

இவை மிக நல்லன. இவற்றை நிறுவியோர் தம் கணினி முழுதும் காக்கப்பட்டதென்று எண்ணிவிடுதலே இடர்.

மேற்சொன்ன மாணவியின் மடிக்கணினியில் லினக்ஸ் மின்டை நிறுவி, டைம்ஷிஃப்ட்டையும் அமைத்துக் கொடுத்தவன் யான். “இனி எது நேரினும் அஞ்சற்க, பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம்” என்று கூறினேன். டைம்ஷிஃப்ட் இயல்பாகவே ஹோம் அடைவை, அஃதாவது பயன்படுத்துவோரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தை, பதிவிற் சேர்ப்பதில்லை. நேற்றைய அமைப்பிற்குத் திரும்புங்கால் இன்று எழுதிய கட்டுரையும் நேற்றைய நிலைக்குப் போய்விடக் கூடாதன்றோ? நியாயமான ஏற்பாடே. அதனை அவருக்குச் சொல்ல மறந்தேன். ஆய்வேட்டை ஒப்படைக்க ஒன்பது நாள் இருக்கையில் வட்டு நிரம்பிவிட்டது. நிரப்பியவற்றுள் அப்பதிவுகளும் அடங்கும். இடம் உண்டாக்க எண்ணி, வேண்டாத படங்கள் இருந்ததாகக் கருதிய அடைவொன்றை அவர் ஆர்எம் கட்டளையால் அழித்தார். மூன்று இயல்கள் அதனுள் இருந்தன. மறுகணமே அறிந்தும் அவர் கலங்கவில்லை. என் சொல்லை நம்பி டைம்ஷிஃப்ட்டை இயக்கினார். அது பழைய அமைப்பையெல்லாம் வட்டில் மீண்டும் எழுதிற்று. அழிந்த இயல்கள் கிடந்த வெற்றிடங்களிலும் அது எழுதியிருத்தல் கூடும். என்னிடங் கொண்டுவந்தபோது துழாவிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. முதலிரண்டு இயல்களை நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தமையால் அவை கிடைத்தன. மூன்றாவதைக் கைக்குறிப்புகளைக்கொண்டு ஆறு இரவுகளில் மீண்டும் எழுதினார்.

பெரிய நிறுவனங்களும் இவ்வாறு அகப்பட்டதுண்டு. கிட்லேப் என்பது உலகெங்குமுள்ள மென்பொருளாளர் தம் நிரல்களை வைக்கும் நிலையம். 2017 ஜனவரி 31-ஆம் நாளிரவு, அதன் துணைத் தரவுத்தள வழங்கியைத் துப்புரவு செய்ய எண்ணிய பொறியாளர் ஒருவர், நெடுநேரம் உழைத்த களைப்பில், முதன்மை வழங்கியில் அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் 4.5 மட்டும் எஞ்சிற்று. காப்புப் பிரதிகளைத் தேடினர். பிரதியெடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒவ்வாமையால் அவ்வேலை தோல்வியுற்றே வந்திருந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களோ உரிய கையொப்பமின்மையால் ஏற்கப்படாமற் போயின. வேறொரு தேவைக்காக அதே பொறியாளர் ஏறக்குறைய 6 மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஸ்நாப்ஷாட் ஒன்றே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட மணிகளில் எழுதப்பட்டவை போயின. போனவற்றுள் ஏறக்குறைய 5,000 திட்டங்களின் விவரங்களும் 700 புதிய கணக்குகளும் அடங்குமென்று அந்நிறுவனத்தாரே மதிப்பிட்டனர். இவையனைத்தையும் அவர்கள் மறையாது வெளியிட்டதனாலேயே நாம் அறிகின்றோம்.

பிரதி எடுக்கப்படுகின்றதென்று அவர்கள் அனைவரும் நம்பியிருந்தனர். எடுத்த பிரதியைத் திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை. அம்மாணவிக்கு இப்போது டேஜா டூப் என்னும் மென்பொருள் நாள்தோறும் ஹோம் அடைவைத் தனி வட்டொன்றிற் பிரதியெடுத்து வருகின்றது. சனிக்கிழமைதோறும் அப்பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை வேறோர் அடைவில் மீட்டுத் திறந்து பார்க்கின்றார். அதற்கு நான்கு நிமிடம் ஆகின்றதாம். சென்ற மாதம் ஒருமுறை கோப்பு திறக்கவில்லை. வட்டின் கம்பி தளர்ந்திருந்தமையால் மூன்று நாட் பிரதிகள் எடுக்கப்படவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, கம்பியை மாற்றிவிட்டார்.